புதுப்பிப்பு: எஃப்டிபி ஆப்பில் லாகின் ஆகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை

முன்பு கேட்டது இதுதான்: எஃப்டிபி (சர்வருக்கும் நமக்கும் இடையே ஃபைல்களை அனுப்பும் முறை) மொபைல் ஆப்பில் லாகின் ஆகிறது, ஆனால் ஃபோல்டர் பட்டியல் வராமல் சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆகிறது. இப்போது சரியாகிவிட்டது.

எஃப்டிபியில் கட்டளைகளுக்கு ஓர் இணைப்பு (போர்ட் 21, அதாவது சர்வரின் 21-ஆம் எண் வாசல்), பட்டியலும் ஃபைல்களும் வர இன்னொன்று. ஆக்டிவ் மோடில் அந்த இரண்டாவதை சர்வர்தான் போனை நோக்கித் திறக்கும். மொபைல் நெட்வொர்க் பெரும்பாலும் அதை உள்ளே விடாது. பலர் சொன்னபடி, இரண்டாவது இணைப்பையும் போனே திறக்கும் பாசிவ் மோடுக்கு மாற்றினேன், அப்போதும் அதே கதைதான்.

அப்புறம் லாக் ஃபைலைப் பார்த்தால், பாசிவ் மோடில் எங்கே இணைய வேண்டும் என்று சர்வர் சொல்லும், 227 என்று தொடங்கும் பதிலில் 192,168,1,10,195,80 என்று இருந்தது. முதல் நான்கும் சர்வரின் உள் நெட்வொர்க் முகவரி! வெளியே இருக்கும் போன் அதை எங்கே போய்த் தேடும்? கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000.

சர்வர் செட்டிங்கில் பொது ஐபியைக் கொடுத்து, பாசிவ் போர்ட்டுகளை ஃபயர்வாலில் திறந்ததும் பட்டியல் வந்து கொட்டியது. சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால் ஆப்பில் இபிஎஸ்வி (பாசிவ் மோடின் இன்னொரு வடிவம்) இருக்கிறதா பாருங்கள். அது போர்ட் எண்ணை மட்டும் தரும், முகவரிக் குழப்பமே வராது.

மேல் ஃபோல்டருக்குப் போக முடியவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பல சர்வர்கள் பயனரை ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும், அது பழுதல்ல.

சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகிறது என்பதால், அடுத்து எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறப் போகிறேன். அதற்கு போர்ட் 22 ஒன்றே போதும்.