கிரெடிட் கிடையாது, தேர்வு கிடையாது: சும்மா போய் உட்கார்ந்து படிப்பது படிப்பா?

புதூர்க் கடைக்காரன்:

டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். படித்தது பி.காம். நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்குக் கல்வெட்டியல் ஒரு தாள் உண்டு. அதை நடத்தும் பேராசிரியர் கடைக்கு வந்து போகிறவர். "துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் வந்து உட்காரலாம். பதிவேட்டில் பெயர் வராது, தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது" என்கிறார். எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்ததிலிருந்து அடிக்கடி போகிறேன். பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருக்கிறது என்பதை, பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஓட்டையே பார்த்து வாசிக்க ஆசை.

"கையில் ஒரு காகிதம்கூட வராத படிப்பு எதற்கு மச்சான்?" என்கிறார் மைத்துனர். ஆசை என்று சொன்னால் அவருக்குப் போதவில்லை. இப்படிப் படித்தவர்கள், படிக்க வேண்டாம் என்பவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

நாகமலைவாசி:

போய் உட்காருங்கள், யார் தடுத்தது? ஆனால் கல்வெட்டியல் படித்தேன் என்று அப்புறம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆர்வத்தில் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் முன்பெஞ்சு, கேள்வி மேல் கேள்வி. பிறகு ஒரு முகூர்த்த நாள், ஒரு மழை, சித்திரைத் திருவிழா, ஆளைக் காணோம். வராவிட்டால் கேட்க ஆளில்லை என்னும்போது மற்ற வேலையெல்லாம் முந்திக்கொள்ளும். தேர்வு ஒரு தேதி வைக்கிறது. நான் அதை மதிப்பது அதற்காகத்தான்.

ஆர்வத்துக்கும் பரீட்சைக்கும் ஆகாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வு நடத்தியது. தமிழ் மேல் ஆசை இல்லாதவர்களா அதை எழுதினார்கள்?

செல்லூர்ப் பொண்ணு:

தேர்வு தேதி வைக்கும், சரி சார். இன்னொன்றும் செய்யும். நான் பி.எஸ்சி. கணிதம். எலக்டிவ், அதாவது விருப்பப் பாடம், தேர்ந்தெடுக்கிற நாளில் எங்கள் வகுப்பில் நடந்த பேச்சு முழுக்க, எந்த மிஸ் இன்டர்னல் தாராளமாகப் போடுவார் என்பதுதான். பாடம் என்ன என்று யாருமே கேட்கவில்லை. சி.ஜி.பி.ஏ. இறங்கினால் பி.ஜி. சேர்க்கையில் அடி விழும் என்கிற பயம். கஷ்டமான பாடத்தின் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. கிரெடிட் இல்லாமல் உட்கார விட்டால் நான் நாளைக்கே தத்துவ வகுப்புக்குப் போவேன். மார்க் பயம் இல்லாவிட்டால்தான் புரியாததைப் புரியவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்ல முடிகிறது.

ஒத்தக்கடை ராசு:

எல்லாம் வசதி இருக்கிறவர்கள் பேச்சு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். காலேஜ் விட்டதும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கணக்கு எழுதப் போய்விடுவேன். மார்க் வராத வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார எனக்கு நேரம் இருந்ததில்லை.

கடைக்கார அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு நெட், டி.ஆர்.பி. என்று வாத்தியார் வேலைத் தேர்வு ஓட்டம் இருக்கிறது. யு.ஜி.சி. கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேரம். லீவு, ஆண்டு விழா, ஸ்ட்ரைக் எல்லாம் போக மிஞ்சுவதே கொஞ்சம். அதில் நீங்கள் கீழடியைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் போர்ஷனை யார் முடிப்பது? அது அவர்கள் ஃபீஸ் கட்டிய நேரம்.

வைகைக்கரை:

கல்லூரிக்குள் எதற்குப் போக வேண்டும்? ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் வீடியோ பாடம் நடத்துகிற என்பிடெல் இருக்கிறது. சேரக் காசு வேண்டாம். தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டினால் போதும். எழுதாதவர்களும் வாரா வாரம் அசைன்மென்ட் போடலாம், மார்க்கும் தெரியும். 12 வாரப் பாடமானால் அதில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். நாகமலை சார் கேட்ட தேதி இருக்கிறது, செல்லூர்த் தங்கச்சிக்கு மார்க் பயம் இல்லை, ராசு அண்ணனின் பிள்ளைகளுக்கும் தொந்தரவில்லை.

புதூர்க் கடைக்காரன்:

தம்பி, இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்பதைத் தவிர வீடியோவில் எனக்குப் பிடிப்பு இல்லை. மைப்படியை, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையில் எடுத்த படியை, மேசையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். இது கம்ப்யூட்டர் பாடம் மாதிரி இல்லை.

நாகமலை சாருக்கு ஒரு கேள்வி. நம் ஊருக்குப் பக்கத்து மாங்குளம் மலையில் இருக்கிற பழைய கல்வெட்டு எழுத்தை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882-இலேயே பார்த்துவிட்டார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது என்று வாசித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. செமஸ்டர் எழுதியா கல்வெட்டுக்கு வந்தார்?

நாகமலைவாசி:

மகாதேவனை நீங்களே கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று. அவர் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவரா? 1966-இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை, அதாவது மாங்குளத்தில் இருப்பது போன்ற மிகப் பழைய தமிழ் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அதோடு விடாமல் திரும்பவும் மலை மலையாக ஏறிச் சரிபார்த்து 2003-இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். தன் வாசிப்பை அச்சில் போட்டு, தப்பு என்றால் சொல்லுங்கள் என்று துறைக்கு முன்னால் வைத்தார். அதைவிடக் கடுமையான பரீட்சை எது?

நான் சொல்ல வருவதை மாங்குளத்தை வைத்தே சொல்கிறேன். இன்று நாம் புள்ளி இல்லாத 'ம'வைப் பார்த்தால் அகரம் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே அப்படிக் கிடையாது. கோடு இழுக்காத எழுத்து வெறும் மெய், அதாவது 'ம்'. பக்கவாட்டில் சின்னக் கோடு இருந்தால் அது 'ம'வாகவும் இருக்கலாம், 'மா'வாகவும் இருக்கலாம். முழுச் சொல்லையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னால் வந்த கல்வெட்டுகளில் இந்த முறை மாறிவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மொத்த வகுப்பும் தலையாட்டும். ஒரு மைப்படியைக் கொடுத்து, "வாசி" என்று சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும் யார் கற்றார், யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்று. தேர்வு வேண்டாம் என்பவர் அந்த "வாசி"யிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்பதுதான் என் சந்தேகம்.

மதிச்சியம் மீனா:

இப்படி ஒரு எம்.ஏ. வகுப்பில் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கும் ஒரு வெளியாள் வருகிறார், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். ராசு அண்ணன் சொன்ன தொந்தரவு உண்மைதான். ஆரம்பத்தில் அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கேள்வியெல்லாம் மணி அடித்த பிறகு என்று பேராசிரியர் கறாராகச் சொன்னதோடு அது தீர்ந்தது. அதற்காக ஆளையே வர வேண்டாம் என்பது சரியில்லை.

ஆனால் நாகமலை சார், உங்கள் "வாசி" எங்கள் தேர்வில் எங்கே இருக்கிறது? செமஸ்டர் கேள்வித்தாளில் ஒரு மைப்படிகூட வரவில்லை. கல்வெட்டுகளின் வரலாற்று முக்கியத்துவத்தை விவரி, கல்வெட்டின் வகைகளை எழுது, இவ்வளவுதான். நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பித்தாலே நல்ல மார்க் வந்துவிடும். கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து (தமிழ் எழுதிய பழைய எழுத்துமுறை) இருக்கிறது. நாங்கள் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தபால்காரர் ஐயா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். வட்டெழுத்தில் ப எது, ய எது என்று பிரித்துக் காட்ட எங்களில் பாதிப் பேருக்கு இன்றும் வராது. அவருக்கு வரும். கிரெடிட் எங்கள் கணக்கில் ஏறிவிட்டது.

நாகமலைவாசி:

அது கேள்வித்தாள் போட்டவர் செய்த கோளாறு. அதற்காகத் தேர்வே வீண் என்று ஆகிவிடாது. இருந்தாலும் மைப்படி இல்லாமல் கல்வெட்டியல் தேர்வா? வெட்கக்கேடு.

செல்லூர்ப் பொண்ணு:

அப்படியென்றால் கடைக்கார அண்ணன் தேர்வை விட்டுவிட்டு வீட்டுப்பாடத்தை மட்டும் எழுதிக் கொடுக்கட்டுமே. தப்பைப் பேராசிரியர் திருத்திக் கொடுப்பார்.

ஒத்தக்கடை ராசு:

யார் திருத்துவது தங்கச்சி? அவருக்கு ஏற்கெனவே கட்டுக் கட்டாகத் தாள் கிடக்கும். வெளியாளுக்குத் திருத்தினால் சம்பளத்தில் பத்து பைசா ஏறாது. ஓசியில் இடம் கொடுத்தவரிடம் ஓசியில் வேலையும் வாங்கலாமா? கௌரவ விரிவுரையாளராக இருந்தால் இன்னும் மோசம், அவருக்கு வருவதே தொகுப்பூதியம்.

புதூர்க் கடைக்காரன்:

ராசு சொல்வது நியாயம். அவர் தலையில் கட்டப் போவதில்லை. வகுப்பில் வாயைத் திறக்க மாட்டேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குக் கொடுக்கிற மைப்படியின் நகலை மட்டும் வாங்கி, வாசித்து எழுதி, நாகமலை சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தப்பென்றால் திட்டவும் தெரியும்.

நாகமலைவாசி:

அனுப்புங்கள். மாதம் இரண்டுக்கு மேல் வேண்டாம், எனக்குக் கண் சரியில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் வாசிப்பைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒத்தக்கடை ராசு:

அப்படியே எங்கள் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயிலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் மந்திரி மாறன் காரி காலத்தில் பாறையைக் குடைந்த கோயில், கி.பி. 770. அங்கே இருக்கிற கல்வெட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். செமஸ்டர் முடிந்ததும் வாருங்கள், தமிழ்ப் பகுதி போதும். நான் கையில் அச்சடித்த வாசகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.