மறு: கலைச்சொல் வேண்டும் – குயிராசியர்

> ‘கனரகக் குதிரைவீரர்’ போதுமே? வாசகருக்கு எளிது.

ஐயா, எளிதுதான். ஆனால் நாம் தமிழ்ப் பெயர் தேடுவது குயிராசியருக்கு, அதாவது மார்பில் இரும்புத் தகடு அணிந்து போரிட்ட ஐரோப்பியக் குதிரைவீரருக்கு. ‘கனரகம்’ என்றதும் எனக்கு லாரி ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வருவதை விட்டுவிடுவோம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரை (1815) மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல் காலை வாரிவிடும். அங்கே பிரெஞ்சுக் குயிராசியர்களோடு மோதிய பிரிட்டிஷ் மெய்க்காவல் குதிரைப்படையும் கனரகம்தான், ஆனால் அவர்கள் மார்பில் தகடு கிடையாது. 1821இல்தான் அவர்களுக்கு அது வந்தது. ‘கனரகம் கனரகத்தைத் தாக்கியது’ என்று எழுதினால் யார் யாரை அடித்தார்கள் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

> கவசக் குதிரைப்படை?

கவசம் ஆளுக்கா, குதிரைக்கா? பைசாந்தியப் பேரரசின் கனத்த கவசக் குதிரைவீரரான கேட்டஃப்ராக்டு என்றால் குதிரைக்கும் உண்டு. 1807இல் ஐலாப் போரின் பனியில் நெப்போலியனின் தளபதி மூரா ஏவிவிட்ட குயிராசியரின் குதிரைகளுக்கு ஒன்றுமில்லை. போதாததற்கு, ‘கவசப் படை’ என்றால் இன்று டாங்கிதான்.

மூலத்தைப் பாருங்கள். பிரெஞ்சில் ‘குயிர்’ என்றால் தோல். தோலால் செய்த மார்புக் கவசம் பிறகு இரும்பாயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை. நம் சங்கப் பாடல்களில் கேடயத்துக்குத் ‘தோல்’ என்றே பெயர் இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. குயிராசியர் என்ற சொல்லுக்குள் குதிரையே இல்லை, கவசம் அணிந்த ஆள் மட்டும்தான். ஆகவே நாமும் குதிரையை இறக்கிவிட்டு ‘மார்க்கவசர்’ எனலாம். மார்க்கச்சை இருக்கும்போது மார்க்கவசம் காதுக்கு உறுத்தாது.

> முப்பதாண்டுப் போரில் (1618–48) அவர்கள் முழங்கால்வரை இரும்பு அணிந்தார்களே?

நல்ல கேள்வி, நானும் இங்கேதான் தயங்கினேன். ‘மெய்ம்மறையர்’ என்றுகூட யோசித்தேன். மெய்ம்மறை என்றால் உடலை மறைக்கும் கவசம்; ஆனால் பதிற்றுப்பத்தில் அது அரசனைப் புகழும் சொல்லாகவே வருகிறது, சிப்பாய்க்குச் சூட்ட மனம் வரவில்லை. துப்பாக்கி வலுக்க வலுக்கக் கைக்கவசமும் தொடைக்கவசமும் ஒவ்வொன்றாய்க் கழன்றன. கடைசிவரை நின்றது மார்த்தகடு: 1914 ஆகஸ்டில்கூடப் பிரெஞ்சுக்காரர்கள் மினுங்காமலிருக்கத் துணியுறை போட்டு அதை அணிந்து போனார்கள். எஞ்சியதை வைத்துப் பெயரிடுவது தவறில்லை.

போலந்தின் சிறகு உசார்களை (சிறகு அணிந்த குதிரைவீரர்களை) இந்த இழையில் கலக்க வேண்டாம். ஹங்கேரியில் இலகுவாக இருந்த உசார் போலந்துக்குப் போய்க் கனத்த கதை தனி. அதற்கு வேறு மடல் போடுகிறேன்.