4 நிமிட அழுத்த அலைவு: உள் ஈர்ப்பு அலைதானா?

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, கோவைக்கு மேற்கே, 400 மீட்டர் பக்கமுள்ள முக்கோணமாக மூன்று பிஎம்பி390 அழுத்த உணரிகள் வைத்திருக்கிறேன். நொடிக்கு ஒரு பதிவு, ஜனவரியிலிருந்து.

காற்று அடங்கிய பின்னிரவுகளில் 10 பாஸ்கல் அளவில் 4 நிமிட அலைவு தெளிவாக வருகிறது. இது உள் ஈர்ப்பு அலையோ, அதாவது அடுக்கடுக்கான காற்றில் மிதப்பு விசையால் எழும் அலையோ என்று சந்தேகம். அடிவளியில் (வளிமண்டலத்தின் கீழடுக்கில்) மிதப்பு அலைவுக் காலம், அதாவது மேலோ கீழோ தள்ளப்பட்ட காற்று ஒருமுறை ஊசலாட எடுக்கும் நேரம், வழக்கமாக 10 நிமிடம் அளவில் இருக்கும்; இந்த அலையின் காலம் பொதுவாக அதைவிடக் குறையாது என்பதால்தான் குழப்பம். தரையொட்டிய தலைகீழ் அடுக்கில் 100 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வெப்பம் ஏறினால் 4 நிமிடமும் சாத்தியம்தான். ஆனால் பலூன் விட்டுப் பார்க்க வசதியில்லை.

ஒரே அறையில் மூன்று உணரிகளும் ஒத்துப்போகின்றன. காற்றிரைச்சலுக்குத் துளைக் குழாய் மாட்டிய அப்புறமும் அலைவு அப்படியே இருக்கிறது. கடிகாரங்கள் ஜிபிஎஸ் நேரத்தில் ஓடுகின்றன. உணரிக்கு உணரி அலைவு வரும் தாமதத்தை வைத்துப் பார்த்தால் வேகம் நொடிக்கு 6 மீட்டர்.

தரை அழுத்தப் பதிவை மட்டும் வைத்து, இது தலைகீழ் அடுக்கில் ஓடும் அலையா, மேல்காற்றோடு நகரும் சுழல்களா என்று எப்படிப் பிரித்தறிவது?