டீ குடிக்கும் வில்லன்கள்: உளவுக்கதை ரசிகர்கள் உதவவும்

வீட்டில் ஒரு பந்தயம். உளவுக்கதைகளில் நல்லவன் காபி குடிப்பான், கெட்டவன் டீ குடிப்பான் என்கிறான் தம்பி. அவனுடைய சாட்சி ஜேம்ஸ் பாண்ட். 1959-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில், டீ வெறும் சேறு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சரிந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம் என்று எரிந்து விழுந்துவிட்டு பாண்ட் காபி கேட்பான்.

சரி, வில்லன்கள் பக்கம் போனால் கணக்கு இடிக்கிறது. 'கேசினோ ராயல்' நாவலில் லெ ஷிஃப்ர் பாண்டைச் சித்திரவதை செய்யும்போது நடுநடுவே குடிப்பது காபி. 'டாக்டர் நோ' படத்தில் (1962) மயக்கமருந்து கலந்து கொடுப்பதும் காபியில்தான்!

தம்பிக்குச் சாதகமாக என்னிடம் இருப்பது ஒன்றுதான். பிபிசி 1979-இல் எடுத்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரின் முதல் காட்சி. டீக்கோப்பையை சாசரால் மூடி ஏந்திக்கொண்டு கடைசியாக அறைக்குள் வருபவர் யார் என்று சொன்னால், பார்க்காதவர்கள் அடிக்க வருவீர்கள்.

டீ குடிக்கும் வில்லன் வேறு யாராவது நினைவில் உண்டா? நாவலில் டீ குடித்தவனுக்குப் படத்தில் மதுவைக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அத்தியாயமோ காட்சியோ குறிப்பிட்டால் நல்லது, தம்பி லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான்.