மார்க்கேஸ் நாவலின் கதைசொல்லல் குறித்து ஓர் உதவி

நண்பர்களுக்கு வணக்கம். காலரா காலத்துக் காதலைச் சொல்லும், கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 1985ஆம் ஆண்டு நாவலைப் (ஆங்கிலத்தில் Love in the Time of Cholera) பற்றி வாசிப்புக் கூட்டமொன்றில் பேசவிருக்கிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

மாமரத்திலிருந்த கிளியைப் பிடிக்க ஏறிய டாக்டர் உர்பினோ ஏணியிலிருந்து விழுந்து இறக்கிறார்; அவருடைய அடக்கம் முடிந்த இரவே, துக்க வீட்டில் ஃப்ளோரென்டினோ அரிஸா டாக்டரின் மனைவி ஃபெர்மினா தாஸாவிடம் தன் காதலை மீண்டும் சொல்கிறார். இளமையில் அவள் ஃப்ளோரென்டினோவை மறுத்து அதற்குள் 51 ஆண்டுகள், 9 மாதங்கள், 4 நாட்கள் ஓடிவிட்டன என்று துல்லியமாகக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் கதை இளமைக்குத் திரும்புகிறது. முடிவின் வாசலை முதலிலேயே திறந்து காட்டும் இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

என்னுடைய ஐயம் நினைவைப் பற்றியது. உணவு விடுதியில் ஃபெர்மினாவின் பிம்பம் இரண்டு மணி நேரம் தெரிந்த கண்ணாடியையே விலைக்கு வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்கிறார் ஃப்ளோரென்டினோ. அவளோ அவரைத் தன் வாழ்விலிருந்தே அழித்துவிட்டவள். அப்படியிருக்க, கதைசொல்லியின் குரல் அவருடைய நினைவை நம்புகிறதா, அல்லது அவளுடைய மறதியை அருகில் வைத்து அதைக் கேள்விக்கு உட்படுத்துகிறதா? நாவலை வாசித்தவர்கள் குறிப்பிட்ட பகுதிகளைச் சுட்டி விளக்கினால் நன்றாக இருக்கும். இதைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகள் தெரிந்தாலும் தயவுசெய்து பகிருங்கள்.