விஷக்காரி வேஷம் கட்டிய அன்று நடந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

வெல்லத் தண்ணீரில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் சென்னையில் ஒரு காமிக்ஸ் விழாவுக்கு மாவோமாவோ வேஷத்தில் போனேன். 'அப்போதகரி டைரீஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை (அனிமே) பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியும். பார்க்காதவர்களுக்காக: அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக மாட்டிக்கொண்ட மருந்துக்காரப் பெண், விஷம் என்று காதில் விழுந்தாலே முகம் மலர்கிறவள், தன் இடது கையிலேயே சோதித்துப் பார்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறவள், ராணிமார் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பதும் அவள் வேலை. பச்சை மேல்சட்டை அம்மாவின் பழைய புடவையில் தைத்தது. மூக்கைச் சுற்றிப் புள்ளிகள் ஐப்ரோ பென்சிலில்.

எனக்கு இந்தப் பைத்தியம் அனிமேவால் வந்தது இல்லை. படித்தது பி.காம், பார்ப்பது கணக்கு வேலை, ஆனால் ராத்திரியில் படிப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கின, அட்டை கிழிந்த மருத்துவ நீதியியல் பாடப்புத்தகம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடப் போகிறது என்று அம்மா அதைப் பரணில் ஏற்றிவிடுவாள், நான் இறக்குவேன்.

சரி, வெல்லத் தண்ணீர். மரப்பெட்டிக்குள் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே வெல்லம் கரைத்த தண்ணீர், வெளியே பிரஷ்ஷால் எழுதின லேபிள். சீன எழுத்தில் எழுதியிருந்தால் ஒருத்தரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நான் மேதாவி மாதிரி தமிழில் நாபி, எட்டி, ஊமத்தை என்று விஷச் செடிகளின் பெயரை எழுதியிருந்தேன். நுழைவாயிலில் பை சோதிக்கும் அக்கா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், படிக்கப் படிக்க அவர் குரல் மாறியது.

"எட்டிக்காயாம்மா இது?"

"இல்லக்கா, வெல்லத் தண்ணி. வேஷத்துக்கு."

"குடி பார்ப்போம்."

குடித்தேன். பின்னால் வரிசையில் நின்ற கூட்டம் கை தட்டியது. அக்கா சிரிக்கவே இல்லை, "மீதி ரெண்டையும் குடி" என்றார். அன்றைக்கு அந்த வளாகத்தில் மாவோமாவோ வேஷம் போட்டவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள், ஆனால் அவள் வேலையை நிஜமாகவே பார்த்தது நான் மட்டும்தான். காலிக் குப்பியோடு உள்ளே போனேன்.

உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்ததை. நருட்டோ அனிமேயில் வருகிற நெற்றிப்பட்டை கட்டின பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார், பையன் என்னோடு படம் எடுத்துக்கொண்டான், அவர் கண் லேபிள் மேலேயே இருந்தது.

"எட்டியில என்ன இருக்கு, தெரியுமா?"

"ஸ்ட்ரிக்னின் சார். புரூசினும்."

"நாபி?"

"அகோனிட்டின்."

"ஊமத்தை?"

"அட்ரோபின், ஸ்கோபோலமின்."

தடயவியல் பாடம் எடுக்கிறவராம். பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளே இவ்வளவு வேகமாகச் சொல்வதில்லை என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே அடுத்த கேள்வி: "சரி, உன் முகத்துல பூசியிருக்கியே, அதுல என்ன இருக்கு?"

பதில் இல்லை. நான் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை! அந்தக் கதையின் முதல் புதிரே வெள்ளை முகப்பவுடரில் இருந்த ஈயம்தான், அந்தப்புரக் குழந்தைகள் அதனால்தான் செத்துப்போகின்றன, அதைக் கண்டுபிடித்த பெண்ணின் வேஷத்தில் நின்றுகொண்டு நான் முழிக்கிறேன். அவர் அதிகம் பேசவில்லை, "வேஷம் கட்டுறவங்க முதல்ல அதைப் படிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, பையன் இழுத்த பக்கம் போய்விட்டார்.

அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். 1887இல் ஜப்பானின் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகி என்ற பழைய நாடக ஆட்டத்தில் நான்காம் நகமுரா ஃபுகுசுகே என்ற நடிகருக்குக் கால் நடுங்கி நிற்கவே முடியவில்லை, பார்த்த மருத்துவர்கள் சொன்னது ஈய நஞ்சு. கபுகி நடிகர்கள் தினமும் முகத்திலும் கழுத்திலும் பூசிய வெள்ளைதான் காரணம். ஈயம் இல்லாத பவுடரை ஜப்பானில் மும்முரமாகத் தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

எங்கள் தாத்தா தெருக்கூத்து ஆடினவர். ஊருக்குப் போனபோது இந்தக் கபுகிக் கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அரிதாரம்னா என்னன்னு நெனச்ச?" என்றார். மேக்கப் என்றேன். "அது கல்லு பாப்பா. மஞ்சக் கல்லு. அரைச்சு தேங்காண்ணெயில குழைச்சுப் பூசுறது." மறுபடியும் பரண், மறுபடியும் அட்டை கிழிந்த புத்தகம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல். சித்த மருத்துவத்தில் தாளகம் என்பதும் அதுதான், கதகளிக்காரர்கள் மனயோலை என்று முகத்தில் பூசும் மஞ்சளும் அதுதான். அரிதாரம் பூசினான், அரிதாரம் கலைத்தான் என்று எத்தனை நடிகர்களைப் பற்றி எத்தனை தடவை படித்திருப்போம், அந்தச் சொல்லுக்குள்ளேயே பாஷாணம் உட்கார்ந்திருக்கிறது.

வேஷமும் விஷமும் இப்படிக் கூட்டாக வந்து நின்ற அனுபவம் வேறு யாருக்காவது இருக்கிறதா?

*

நான் அந்த சார் இல்லை, ஆனால் அதே துறை. இருபது வருஷம் ஆய்வகத்தில் நச்சியல் பிரிவு. சின்னத் தற்பெருமை ஒன்று: இந்தியாவில் இந்த வேலைக்கென்று முதல் ரசாயன ஆய்வுக்கூடம் வந்தது நம்ம மெட்ராஸில், 1849இல். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு கல்லூரிக் கண்காட்சியில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். துப்பறியும் அனிமே ஒன்றின் வேஷத்தில் ஒரு பையன் வந்தான், வெள்ளைக் கோட்டு, கோட்டில் சிவப்புக் கறை, கையில் பூதக்கண்ணாடி. முதல் கேள்வியே சயனைடு பாதாம் வாசனை அடிக்குமா என்பதுதான். தம்பி, அது கசப்பு பாதாம், நாம் பாதாம் பாலில் போடுவது இல்லை. நம் ஊரில் அந்த வாசனையைத் தெரிந்துவைத்திருப்பவர் எத்தனை பேர்? தவிர, பிறவியிலேயே சயனைடு வாசனை தெரியாத மூக்குகள் உண்டு. எங்கள் வேலையை மூக்கை நம்பிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவன் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்ததால் மார்ஷ் சோதனையைச் சொன்னேன், 1836இல் வந்தது, ஆர்சனிக் இருந்தால் கண்ணாடிக் குழாயின் உள்பக்கம் கறுப்பாகப் பளபளவென்று முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியே படியும். பையன் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டான். அந்தப் படத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, குழாய்க்குள் ஒரு மனித முகம் தெரிந்தது.

அவனிடம் சொல்லாமல் விட்டதும் உண்டு. எங்களுக்கு வருவது அலங்காரக் குப்பியில் வருவதில்லை. வாய் அகன்ற ஜாடி, உள்ளே உள்ளுறுப்பு, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணீர். ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுவிடும், அதனால் உப்பு. அந்த உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் தனி பாட்டிலில் வரவேண்டும், கடையில் வாங்கின உப்பிலேயே ஏதாவது இருந்து தொலைத்தால் என்ன செய்வது? நாபி, சயனைடு என்று அவன் ஆசையாகக் கேட்டதெல்லாம் என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணுகிற தடவைதான். மற்றதெல்லாம் பூச்சிமருந்து, பூச்சிமருந்து, பூச்சிமருந்து. ஜாடியில் ஒட்டின சீட்டில் பெயரும் வயதும் இருக்கும். வயதைப் பார்க்காமலே வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

*

நான் டோக்கியோ, நிஷிகசாய். மேலே நாபி என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

இங்கே கொமிக்கெட் என்ற பெரிய காமிக்ஸ் சந்தைக்கு வேஷம் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்க முடியாது, அங்கே போய்த்தான் உடை மாற்ற வேண்டும். அங்கே பார்த்த மாவோமாவோக்கள் எல்லாருமே துணிப்பை நிறையக் காய்ந்த செடி வைத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் நீலப்பூ ஒன்று, துணியில் தைத்தது, தலையில் செருகியிருந்தாள். என்ன பூ என்று கேட்டேன். தொரிகபுத்தோ என்றாள், அதாவது நாபியின் சொந்தக்காரச் செடி.

கொதைராவில் டோக்கியோ மாநகரின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது, அபினிச் செடியை இரட்டை வேலிக்குள் வளர்ப்பார்களே, அங்கே நிஜப் பூவைப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். போனேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கூட வந்த ஆபீஸ் நண்பர் அங்கேயே நின்று 1986 இஷிகாகித் தீவு வழக்கைச் சொன்னார். மனைவி இறந்தபோது கணவன் பக்கத்திலேயே இல்லை, தொரிகபுத்தோ என்றால் சீக்கிரமே வேலை செய்துவிடும், அப்படியானால் அவன் எப்படிக் கொடுத்திருக்க முடியும்? உடலை ஆய்வு செய்த மருத்துவர் சந்தேகப்பட்டு ரத்தத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பிறகு அதில் பேத்தை மீன் நஞ்சும் இருப்பது தெரிந்தது, இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கின்றன. 1991இல் கைது, அப்புறம் ஆயுள் தண்டனை. ஒரு சீசாவில் எடுத்து வைத்த ரத்தம் அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறது.

உங்கள் தாத்தா கேட்டால் சந்தோஷப்படுவார்: தொரிகபுத்தோ என்ற பெயர் செடிக்கு வந்ததே பழைய அரசவை ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்ளும் தொப்பியில் இருந்துதான். பூ அந்தத் தொப்பி மாதிரியே இருக்கும்.

*

ஆரம்பித்தவள் மறுபடியும். தாத்தாவுக்குத் தொப்பிக் கதையைப் படித்துக் காட்டினேன், கிரீடம் எடை எவ்வளவு என்று கேட்கிறார், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆய்வக அண்ணா எழுதினதைப் படித்தபிறகு குப்பிகளில் இருந்த மூன்று லேபிளையும் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை ஒரே குப்பி, ஒரே லேபிள்: கோரோசனை. மாட்டுப் பித்தப்பைக் கல், கதையில் மாவோமாவோ இதற்காகத்தான் குதியாய்க் குதிப்பாள், எங்கள் பாட்டி அதையே தாய்ப்பாலில் உரசிக் குழந்தைக்குக் கொடுப்பாள். வாசலில் அதே அக்கா இருந்தால் தைரியமாகக் குடித்துக் காட்டலாம். முகத்துக்குப் பவுடர் புதுசு, டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.