முப்பது பாகை வெயிலில் எஞ்சினுக்குள் ஐஸ் கட்டுமா?

கல்லடி அக்கா:
என் தம்பி இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான், செஸ்னா 152. போன கிழமை இறங்க வரும்போது எஞ்சின் மெல்ல மெல்லச் சோர்ந்துபோனதாம், பக்கத்திலிருந்த பயிற்றுநர் ஒரு குமிழை இழுத்ததும் முதலில் இன்னும் மோசமாக இருமி, அப்புறம்தான் சரியானதாம். பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரில் ஐஸ் என்று சொன்னாராம். நாங்கள் மட்டக்களப்பில் மாரியிலும் விசிறி போட்டுத் தூங்குகிற ஆக்கள், இது உண்மையா? அம்மா அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

ஓடுபாதை:
உண்மைதான் அக்கா. கையில் பெற்றோல் பட்டால் சில்லென்று இருக்குமே, அதே கதைதான். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று விரையும்போது அமுக்கம் குறைகிறது, பெற்றோலும் ஆவியாகிறது, இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை 30 பாகைக்கு மேலும் இறக்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே உறைந்து வழியை அடைக்கும். இறங்கும்போது திரொட்டில், அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு, மூடியிருப்பதால் ஆபத்து கூட. அந்தக் குமிழ் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்றை உள்ளே விடுவது. உருகிய நீர் எஞ்சினுக்குள் போவதால்தான் இருமல், அதற்குப் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விழுந்த பிறகு ஐஸ் உருகிவிடும், எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பழுதும் இராது.

வாழைச்சேனை மெக்கானிக்:
நான் போட் எஞ்சின் திருத்துகிற ஆள். எங்களிடம் வருகிறதில் நிறைய எரிபொருளில் தண்ணி கலந்ததுதான், தாங்கியை அரைகுறையாக இரவில் விட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணி அடியில் நிற்கும். விமானத்திலும் இப்படி வருமா தம்பி?

ஓடுபாதை:
வரும் அண்ணை. அதனால்தான் பறக்க முன் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பது. இந்தச் சின்ன விமானங்களுக்கு ஊற்றுகிற 100எல்எல் பெற்றோல் நீலம், தண்ணி இருந்தால் நிறமில்லாமல் கீழே தங்கும். குப்பி முழுக்கத் தண்ணியாக இருந்தால் பிரிகோடு தெரியாது, ஆகவே நீலத்தைக் கண்ணால் பார்க்க வேணும். இதைவிட வேதனையானது, பெற்றோல் முடிந்தே நின்றுபோவது. மீற்றரை மட்டும் நம்பாமல் குச்சி விட்டு அளந்தால் அதில் பாதி நடக்காது என்பது என் எண்ணம். சில விமானங்களில் ஒரு தாங்கி வற்றியிருக்க மற்றதில் நிறைய இருக்கும், திருப்பிவிட மறந்திருப்பார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா: எஞ்சின் நின்றால் விமானம் கல்லு மாதிரி விழாது. 152 சுமார் 60 நொட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் மிதந்து, ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் போகும்.

கல்லடி அக்கா:
வாசித்துக் காட்டினேன். "திரொட்டிலைக் குறைக்க முன்னமே அந்தக் குமிழை இழுக்கச் சொல்லு" என்று அவவே தம்பிக்குப் போன் எடுத்தா.